தம்பியின் குதிகாலைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். உனக்கு வேலை அதிகம் என்று தெரியும். போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்திலேயே நீ "சரிப்பா" என்று சொல்லிவிடுகிறாய், அதற்குமேல் எனக்குப் பேச்சு வருவதில்லை என்பதால் எழுதுகிறேன். சென்ற முறை உன் தம்பி இருக்கும் பராமரிப்பு இல்லத்திலிருந்து திரும்பும்போது வழி முழுவதும் நீ வாய் திறக்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. வீட்டுச் செய்திகள் நிறைய இருக்கின்றன, அவற்றைப் பிறகு எழுதுகிறேன். முதலில் தம்பியின் குதிகால்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனுடைய காலுறையைக் கழற்றியபோது, இடது குதிகாலில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓரிடம் மட்டும் சற்றே கறுத்திருந்தது. சுற்றிலும் தோல் குளிர்ந்திருக்க, அந்த இடம் மட்டும் சூடாகவும் இறுகியும் இருந்தது. நம் நிறத்துத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடும் கெட்டித்தன்மையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். தோல் கிழியாதவரை ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் உள்ளே எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்த ஓட்டமில்லாமல் கெட ஆரம்பித்திருக்கும். வீட்டில் இருந்த இத்தனை வருடங்களில் அவனுக்கு ஒருமுறைகூடப் படுக்கைப்புண் வந்ததில்லை. அது உன் அம்மாவின் கைராசி.

இரவுப் பதிவேட்டைக் கேட்டேன். பொறுப்பாளர் மறுக்காமல் எடுத்துக் காட்டினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணி, எல்லாக் கட்டத்திலும் "புரட்டப்பட்டது" என்று ஒரே பேனாவால், ஒரே சாய்வில், ஒரு நிமிடம் முன்பின் இல்லாமல் எழுதியிருந்தது. அந்த இல்லத்தில் இருப்பவர்கள் ஒன்பது பேர். தானாகப் புரள முடியாதவர்கள் ஐந்து பேர். ஒருவரைப் புரட்டி, நனைந்த துணியை மாற்றி, முதுகுக்கும் முழங்கால்களுக்கும் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் அணை வைத்து முடிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். ஐந்து பேருக்கு ஐம்பது நிமிடம். இரவுப் பணியில் ஒரே ஒரு பெண். நடுவில் யாருக்காவது வலிப்பு வந்தால் மற்ற எட்டுப் பேரும் காத்திருக்க வேண்டியதுதான். அப்படியிருக்க, ஐந்து பேரையும் சரியாக 2 மணிக்கு எப்படிப் புரட்டியிருக்க முடியும்?

அந்தப் பெண்ணைப் பொய்க்காரி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டங்களை நிரப்பாமல் விட்டால் அவளுக்குத் திட்டு விழும். நிரப்பிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அங்கே பகலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறிய இல்லம், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நகம் வெட்டியிருக்கிறது, தலை சீவியிருக்கிறது. பார்க்க வருபவர்கள் எல்லோரும் பகலில்தானே வருகிறோம்.

தம்பி மூன்று தட்டுத் தட்டினால் என்ன என்று உனக்குத் தெரியும். அங்கே அதைப் புரிந்துகொண்டிருந்த அந்த அம்மாள் வேலையை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. அவர் போகும்போது எதை எழுதி வைத்துவிட்டுப் போனார் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. இப்போது அவன் தட்டுகிறான், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு கத்துகிறான். கத்தினால் பதிவேட்டில் "அடங்கவில்லை" என்று ஏறுகிறது. அவனுக்கு மூன்று நாளாக மலம் கழியவில்லையா, பல் வலிக்கிறதா, காது வலிக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, மருத்துவர் "தேவைப்பட்டால் மட்டும்" என்று எழுதிக்கொடுத்த அந்த மாத்திரை வந்துவிடுகிறது. யாருக்குத் தேவைப்பட்டால் என்று சீட்டில் எழுதியிருப்பதில்லை. மாத்திரை போட்ட உடம்பு அசையாது. அசையாததால் குதிகால் கெடுகிறது. அரைத் தூக்கத்தில் ஊட்டினால் தொண்டை சரியாக விழுங்காது. புரையேறி உணவு நுரையீரலுக்குள் போகிறது. குதிகால், இருமல், மலச்சிக்கல் என்று தனித்தனியாக அவர்கள் எழுதி வைத்திருப்பதெல்லாம் எனக்கு ஒரே கோவையாகத் தெரிகிறது.

நீ போவதென்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாதே. மாலையில் சாப்பாட்டு நேரத்தில் போ. ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி ஊட்டுகிறாரா என்று பார். சாப்பிட்டு முடித்ததும் அரை மணி நேரமாவது நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறார்களா, உடனே படுக்க வைக்கிறார்களா என்று பார். இதையெல்லாம் நான் உனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பத்து வயதில் நீ அவனுக்கு ஊட்டும்போது, ஒவ்வொரு வாய்க்கும் அவனுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்து, அது ஏறி இறங்கிய பிறகுதான் அடுத்த கரண்டியை எடுப்பாய். பயிற்சி பெற்றவர்களிடம்கூட அந்தப் பொறுமையை நான் கண்டதில்லை. அவ்வளவு தெரிந்தவள் எட்டு மாதமாக அவனைப் போய்ப் பார்க்கவில்லை. எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்துவிட மனம் வரவில்லை, இருக்கட்டும்.

அந்தக் கோவை எனக்கு எப்படி உடனே புரிந்தது என்று நீ கேட்கலாம்.

உன் அம்மா போன ஆறாவது மாதம் நீ வந்திருந்தாய். உன் குரலைக் கேட்டும் அவன் தலையைத் தூக்கவில்லை. "ஏன்ப்பா இப்படித் தூங்கிக்கொண்டே இருக்கிறான்?" என்று கேட்டாய். அம்மாவைத் தேடிச் சோர்ந்துவிட்டான் என்று சொன்னேன். அது பொய். மருத்துவர் அரை மாத்திரைதான் எழுதியிருந்தார். நான் ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தேன், சில நாள் ஒன்றரை. இரவில் நான்கு முறை எழுந்து அவனைப் புரட்ட என்னால் முடியவில்லை. முதல் நாள் கொடுத்தபோது கை நடுங்கியது. மறுநாள் காலை ஆறு மணி வரை தூங்கி எழுந்தேன், அதன் பிறகு கை நடுங்கவில்லை. மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்று உனக்குச் சொன்னேனே, அது நிமோனியா. அரை மயக்கத்தில் இருந்தவனுக்கு நான் ஊட்டியதால் வந்தது. முதுகுவலியால்தான் அவனை இல்லத்தில் சேர்க்கிறேன் என்றேன். முதுகுவலி உண்மைதான், ஆனால் என்னிடமிருந்து அவனை அப்புறப்படுத்த வேண்டும் என்றுதான் சேர்த்தேன். உன் அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்றுகூட இதைச் சொன்னதில்லை.

அதனால்தான் அந்தப் பெண்ணிடம் என்னால் கோபப்பட முடியவில்லை. நான் ஒருவனை வைத்துக்கொண்டு செய்ததை அவள் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு செய்கிறாள்.

2006-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். இத்தகைய இல்லங்களைச் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. வரட்டும், அவர்களும் வந்தால் பதிவேட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள், காலுறையைக் கழற்றிப் பார்க்க வீட்டு மனிதர் ஒருவர் வேண்டும். 19-ஆம் பிரிவு என்னை வேறுவிதமாகத் தைத்தது. எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் இருக்க வேண்டுமாம். நாம் அவனைக் கேட்டோமா? அவனைக் கேட்கத் தெரிந்தவர்கள் நாம் இருவர்தான்.

பொறுப்பாளரிடம் மூன்று கேட்டிருக்கிறேன்: இரவில் இரண்டாவது ஆள், அந்த மாத்திரையைக் கொடுத்தால் எத்தனை மணிக்கு, எதற்காக, அதற்கு முன் வேறு என்ன செய்து பார்த்தார்கள் என்று எழுதுவது, மாதம் ஒருமுறை எடை பார்ப்பது. முதலாவதற்குப் பணம் இல்லை என்றார், மற்ற இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார். தம்பியின் தட்டுகள், சத்தங்கள், முகச் சுளிப்புகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அவன் கட்டிலருகே வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியாதது ஏதாவது உனக்குத் தெரிந்தால் எழுதி அனுப்பு. போவதென்றால் சொல்லாமல் போ. குதிகாலைத் தொட்டுப் பார்.

இல்லத்தில் புதிதாக ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அவசரத்துக்கு யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இரண்டு வரிகள். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். எனக்கு 74 ஆகிறது. இரண்டாவது வரியில் எதுவும் எழுதவில்லை. படிவத்தை இதனுடன் வைத்திருக்கிறேன், மாதக் கடைசிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா