நான்கு சிகரங்களும் கிலோமீட்டர் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான அரிசோனா மலையேற்றக் கட்டுரையைப் படித்தேன். பீனிக்ஸ் நகருக்கு வடகிழக்கே, மசாட்சல் மலைத்தொடரின் தென்கோடியில் நிற்கும் ‘ஃபோர் பீக்ஸ்’ சிகரங்கள் நான்கையும் முகட்டு வழியாகவே கடப்பதை, சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பகல் நடை என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்த முகட்டில் இருமுறை ஏறியவன் என்ற முறையில், இதைத் திருத்தாமல் விடுவது ஆபத்து என்று கருதி எழுதுகிறேன்.

நான்கில் வடக்கே இருப்பதும் உயரமானதும் பிரவுன்ஸ் சிகரம். சுமார் 2,330 மீட்டர் உயரம், மாரிகோபா மாவட்டத்திலேயே அதுதான் உச்சி. அதன் அடிவரை பாதை தெளிவாக இருக்கிறது. அதற்குமேல் செங்குத்தான பாறை இடுக்கில் கையையும் காலையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். பலரும் அந்த உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். முகட்டுப் பயணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வரைபடத்தில் ஒரு சிகரத்துக்கும் அடுத்ததற்கும் விரற்கடை இடைவெளிதான் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆழமான பிளவுக்குள் இறங்கி மறுபடி ஏற வேண்டும். ஏறும்போது பிடிமானம் கண்ணெதிரே இருக்கும்; இறங்கும்போதோ கால் வைக்க வேண்டிய இடம் நம் உடம்புக்கே மறைந்துவிடும். பாறை குவார்ட்சைட், கடினமானதுதான், ஆனால் கட்டம் கட்டமாக விரிசல் விட்டது. முதல் பயணத்தில், இரண்டாம் சிகரத்துக்குக் கீழே நான் நம்பிப் பிடித்த தலையணை அளவுக் கல் இழுப்பறைபோல மெல்ல வெளியே நகர்ந்து வந்ததை இன்றும் மறக்கவில்லை. அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கீழே நின்ற நண்பர் விலகும்வரை அசையாமல் இருந்தேன். அந்த நூறடியைக் கடக்க எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

தண்ணீரின் கதையும் இதுவே. முகட்டில் ஊற்றோ ஓடையோ கிடையாது. ஆளுக்கு நான்கு லிட்டர் சுமந்து சென்றும், நவம்பர் மாதத்திலேயே, பிற்பகல் 2 மணிக்கு என்னிடம் எஞ்சியது அரை லிட்டர். நவம்பர் இறுதியில் அங்கே மாலை 5.20 மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. திரும்பினோம். பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும் என்று பாலைவன மலைகளுக்குச் செல்வோர் சொல்லும் விதியை அன்று நாங்கள் மதிக்கத் தவறியிருந்தோம். மறு ஆண்டு மதித்துத்தான் நான்கையும் முடித்தோம். (தென்கோடிச் சிகரத்தருகே உள்ள செவ்வந்திக்கல் சுரங்கம் தனியார் நிலம், அதற்குள் நுழையக்கூடாது என்பதையும் கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம்.)

கோடையில் செல்லலாம் என்ற வரி என்னை மிகவும் கவலைப்படுத்தியது. 2023இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மலைமேல் சற்றுக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஜூலை முதல் அங்கும் பருவமழைக் காலம், பிற்பகல் இடிமின்னலில் முகட்டில் ஒதுங்க இடமில்லை.

பிள்ளைகளைப் பார்க்க இங்கு வரும் பெற்றோர் பலர் தங்கள் நாளிதழைப் படிப்பவர்கள். ஆகவே இத்தகைய கட்டுரைகளில் தொலைவோடு, ஆகும் மணி நேரம், கைகளால் இறங்க வேண்டிய இடங்கள், சுமக்க வேண்டிய தண்ணீர், திரும்பிவிட வேண்டிய நேரம் ஆகியவற்றையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாண்ட்லர், அரிசோனா