பேக்கேஜ் வேலையையும் திட்டப்பணியாக ஏற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்து வருகிறேன். இறுதியாண்டு மாணவர்கள் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடும் நேரம் இது. நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். அறிவியல் மென்பொருள் ஒன்றை டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதள வெளியீடுகளுக்கு முறையான பேக்கேஜாக, அதாவது யாரும் எளிதாக நிறுவிக்கொள்ளும் தொகுப்பாகச் செய்து தருவதையும் முழுத் திட்டப்பணியாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

"இன்ஸ்டால் பண்ணுகிற வேலைக்கு மதிப்பெண்ணா?" என்று பேராசிரியர்கள் கேட்கிறார்கள். அதில் என்ன வேலை இருக்கிறது என்று சொல்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு மழைத் தரவை வைத்து ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் அதிகமாகிவிட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதைப் பார்த்த பிள்ளைகளுக்குக் கேள்வி எழத்தானே செய்யும். இந்திய வானிலை ஆய்வுத் துறை நாடு முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, மழையளவை நெட்சிடிஎஃப் என்ற தரவு வடிவக் கோப்புகளாகத் தருகிறது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்தால் வரைபடம் வந்துவிடும். ஆனால் கியூஜிஐஎஸ் தனியாக நிற்பதில்லை. அது ஜிடால் என்ற லைப்ரரியை, அதாவது வரைபடக் கோப்புகளைப் படிக்கும் ஆயத்த நிரல் தொகுப்பை, நம்பியிருக்கிறது. ஜிடாலுக்கு நெட்சிடிஎஃப் லைப்ரரி வேண்டும், அதற்கு ஹெச்டிஎஃப்5 என்ற இன்னொரு லைப்ரரி வேண்டும். பூமியில் ஓர் இடத்தின் ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை) கணக்கிட ப்ராஜ் என்று இன்னொன்று. கோடகன் கால்வாயில் தலைமடைப் பலகையை மாற்றினால் கடைமடை வரை தெரிவது போல, இவற்றில் ஒன்றின் பதிப்பு மாறினாலும் மேலே உள்ள அத்தனையையும் மூல நிரலிலிருந்து மறுபடி கட்டமைக்க வேண்டியிருக்கும்.

எங்கள் ஆய்வகத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். தாமிரபரணிப் படுகையின் மழைப் பரவலைக் கணக்கிட, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் சி மொழியில் எழுதிய நிரல் இருக்கிறது. நல்ல நிரல். அது ப்ராஜின் பழைய இடைமுகத்தை, அதாவது ப்ராஜை அழைக்கும் பழைய முறையை, பயன்படுத்துகிறது. 2019இல் வந்த ப்ராஜ் 6, அந்த இடைமுகத்தைக் கைவிடப் போவதாக எச்சரித்தது. 2021இல் வந்த 8ஆம் பதிப்பு அதை நீக்கியே விட்டது. டெபியன் 11இல் இருந்தது 7.2 என்பதால் ஒரு வரி சேர்த்துச் சமாளிக்க முடிந்தது. டெபியன் 12இல் 9.1 வந்ததும் அந்த இடைமுகத்தை அறிவிக்கும் ஹெட்டர் கோப்பே இல்லை.

சரி, புதிய இடைமுகத்தின் பெயர்களைப் போட்டு மாற்றிவிடலாமே என்றால், அங்கேதான் அறிவியல் தெரிந்திருக்க வேண்டும். பழைய முறையில் தீர்க்கரேகை முதலில், அதுவும் ரேடியனில். புதிய முறையில் வழக்கமான உலக ஆயத்தொலைவுகளை நேரடியாகக் கொடுத்தால் அட்சரேகை முதலில், டிகிரியில். திருநெல்வேலி 8.7, 77.7 என்பது இடம் மாறிப் போனால் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். இதைச் சரியாகப் பிடித்துத் திருத்தி, சோதனையும் எழுதிவைக்கும் மாணவருக்கு மதிப்பெண் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

தேவையான லைப்ரரிகளை எல்லாம் நிரலோடு சேர்த்து ஒரே ஜிப்பாகக் கொடுத்துவிடுவதுதான் இப்போது பெரும்பாலும் நடக்கிறது. கொடுப்பவருக்கு அது சுலபம். ஆனால் 2002இல் தரவைச் சுருக்கும் ஸிலிப் லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, கணினியில் இருந்த பொதுப் பிரதியைப் பயன்படுத்திய நிரல்களுக்கு ஒரே திருத்தம் போதுமாக இருந்தது. சொந்தப் பிரதியைச் சுமந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. அப்புறம், ஒரே நிரலுக்குள் இருவேறு ஹெச்டிஎஃப்5 பதிப்புகள் வந்து மோதினால், பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லிப் பாதியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. இதனால்தான் லைப்ரரிப் பிரதிகளைப் பேக்கேஜுக்குள் பொதிய வேண்டாம் என்று டெபியன் சொல்கிறது. கட்டமைக்கும்போது இணையத்திலிருந்து எதையும் இறக்கவும் கூடாது.

மென்பொருளைத் துணை லைப்ரரிகளோடு தனியாக நிறுவித் தரும் காண்டா, கண்டெய்னர் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். ஆய்வுக் கட்டுரையின் முடிவை அப்படியே மறுபடி காட்ட அவை நல்ல வழிதான். ஆனால் அவற்றுக்குள்ளும், ஒன்று இன்னொன்றை நம்பியிருக்கும் இதே சார்புகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்த்தாக வேண்டும். அந்த யாரோ ஒருவர் ஏன் நம் ஊர்ப் பிள்ளையாக இருக்கக் கூடாது?

மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனை, கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் என்று அறிவியல் நடக்கிற மண் இது. டெபியனில் அறிவியலுக்கு டெபியன் சயின்ஸ், மருத்துவத்துக்கு டெபியன் மெட் என்று துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன. பராமரிப்பவர் இல்லாமல் நிற்கும் பேக்கேஜ்களின் பட்டியலும் பொதுவில் இருக்கிறது. மாணவர் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அவர் செய்ததை அனுபவமுள்ள டெபியன் உறுப்பினர் ஒருவர் வரிவரியாகப் பார்த்துத்தான் ஏற்றுவார். கடையில் காசு கொடுத்து வாங்கிவரும் திட்டப்பணிகளுக்கு இந்தச் சோதனை கிடையாது. உலக டெபியன் மாநாடே 2023இல் கொச்சியில் நடந்தது. மலைக்கு அந்தப் பக்கம் வந்த விஷயம் இந்தப் பக்கமும் வரட்டும்.

மதிப்பீடு செய்வதும் கடினமில்லை. புதிதாக நிறுவிய கணினியில், இணையம் இல்லாமல் பேக்கேஜ் கட்டமைகிறதா, சோதனைகள் தேறுகின்றனவா, ஒவ்வொரு சார்பும் எதற்கு என்று மாணவர் வாய்மொழித் தேர்வில் சொல்கிறாரா என்று பார்த்தால் போதும். வரும் பருவத்தில் எந்தத் துறையாவது இதைத் தொடங்கினால், மாலை வேளைகளில் மாணவர்களோடு உட்கார நான் தயாராக இருக்கிறேன். அந்த மழை நிரலையே முதல் வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணினி ஆய்வக உதவியாளர்,
பாளையங்கோட்டை