நாட்டுத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டமும்: ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சருக்கும் அமைச்சகத்தின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலுள்ள 13ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவைத் தாங்கள் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன். மெய்யாகவே பயிரைக் காப்பதற்காக ஒரு குடிமகன், குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு, அதாவது நாம் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வதற்கு, உரிமம் கேட்டால், 14ஆம் பிரிவு கூறும் தடைகள் இல்லாதபோது அதை வழங்கியாக வேண்டும் என்று அது சொல்கிறது. உழவருக்கு இத்துப்பாக்கி தேவைப்படலாம் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

தண்டனையைச் சொல்லும் 25ஆம் பிரிவிலோ, பயிர்க் காவல் துப்பாக்கிக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாடு காணாமல் போகிறது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு முன்பு ஓராண்டாக இருந்த குறைந்தபட்சச் சிறைத் தண்டனை, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 2 ஆண்டுகளாகவும், மேல்வரம்பு 5 ஆண்டுகளாகவும் உயர்ந்துவிட்டது. இடுப்பில் கைத்துப்பாக்கியை மறைத்துத் திரிபவருக்கும், பாட்டன் விட்டுச்சென்ற நாட்டுத் துப்பாக்கியைக் காட்டுக் கொட்டகையில் செருகி வைத்திருப்பவருக்கும் ஒரே அளவுகோல்தான். தகுந்த சிறப்புக் காரணங்களைப் பதிவுசெய்து நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அது தீர்ப்பு நாளில் கிடைக்கும் ஆறுதல். கைதும் காவலும் வழக்குச் செலவும் அதற்கு முன்பே ஒரு மலைக் குடும்பத்தை முடக்கிவிடும்.

இந்த ஆயுதத்தின் இயல்பையும் எண்ணிப் பாருங்கள். கருமருந்தைக் குழலுக்குள் கொட்டி, தக்கை வைத்துக் கம்பியால் இடித்து, ஈயக் குண்டுகளைப் போட்டு, மறுபடியும் இடித்து, கடைசியாக, தட்டினால் தீப்பொறி எழுப்பும் கேப்பைப் பொருத்திய பிறகே ஒரு முறை சுடலாம். அடுத்த முறைக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். குண்டே இல்லாமல் மருந்தை மட்டும் வெடித்துக் காட்டுப்பன்றிகளை விரட்டுவதும் இதனால் முடியும். இது உயிரைப் பறிக்காது என்று நான் வாதிடவில்லை. விலங்கென்று தவறாக எண்ணிச் சுட்டதில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். சோதிக்கப்படாத குழல் வெடித்தால் சுடுபவருக்கே ஆபத்து. இந்த ஆபத்துகளுக்காகவே இத்துப்பாக்கிகள் ஒளிவிடத்திலிருந்து வெளியே வந்து, பதிவாகி, சோதிக்கப்பட வேண்டும் என்கிறேன்.

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களில், வழக்குப் பதியமாட்டோம் என்று சொல்லி நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு காவல்துறை அவ்வப்போது கேட்டுக்கொள்கிறது. அது நல்ல முயற்சிதான். ஆனால் ஒப்படைத்தவர் அன்றிரவே தம் மரவள்ளிக்கும் சாமைக்கும் என்ன காவல் வைப்பார்? காவலற்ற இடத்தை அவுட்டுக்காயும் (விலங்கு கடித்தால் வெடிக்கும் வெடிமருந்து இரை) திருட்டு மின்வேலியும் நிரப்புகின்றன. 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அத்தகைய மின்வேலி 3 யானைகளைக் கொன்றது. மின்வேலிக்குப் பன்றியென்றும் யானையென்றும் மனிதரென்றும் தெரியாது.

கர்நாடகத்தின் குடகில், அம்மண்ணின் கொடவர் இனத்தாருக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நில உரிமை உடையவர்களுக்கும் 41ஆம் பிரிவின்கீழ் உரிமம் பெறுவதிலிருந்தே விலக்களித்து, அதை 2029 வரை நீட்டித்தது தங்கள் அமைச்சகமே. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அந்த விலக்கு செல்லும் என்றது. நான் அவ்வளவு கேட்கவில்லை. விலக்கு வேண்டாம், உரிமம் எட்டும் தொலைவில் இருந்தால் போதும்.

ஆகவே, வேறு குற்றம் எதிலும் ஈடுபடாமல் பயிர்க் காவலுக்காக மட்டும் இத்துப்பாக்கியை வைத்திருப்பவருக்கு, குறைந்தபட்சச் சிறைக்குப் பதிலாக அபராதம் விதிக்க இடமளித்து 25ஆம் பிரிவைத் திருத்துங்கள். தாமாக ஒப்படைப்பவர் அதே இடத்திலேயே 13ஆம் பிரிவின்படி உரிமத்துக்கு விண்ணப்பிக்க மாவட்ட ஆட்சியர்கள் மலைக் கிராமங்களில் முகாம் நடத்தவும், குழல்கள் அங்கேயே சோதிக்கப்படவும், தேறாதவை அழிக்கப்படவும் ஆணையிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தடைகளை ஒவ்வோர் உரிமத்திலும் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். அவற்றை மீறுபவரின் உரிமத்தைத் தயங்காமல் ரத்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
மலையடிவாரத்து உழவர் ஒருவர்