ஏறி இறங்கும் மேசை வாங்குவதற்கு முன்னால்

அலுவலகங்களில் ஊழியர் நலத் திட்டம் போடும் மேலாளர்களுக்கும் எச்.ஆர். துறையினருக்கும், வணக்கம்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பாண்டிக்கு பஸ்ஸில் வந்து போகிறவள். வாடிக்கையாளர் புகார்களைக் காதில் வாங்கி கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. காலையில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு சீட்டு பிடித்து உட்கார்ந்து வந்து, எட்டரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, சாயங்காலம் மறுபடியும் கைக்குட்டை போட்டு உட்கார்ந்து வீடு போய்ச் சேருகிறேன். அந்த பஸ்ஸிலேயே நாள் முழுக்க நடந்துகொண்டிருப்பவர் கண்டக்டர் மட்டும்தான். லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் இதைத்தான் பார்த்தார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட மாடி பஸ்ஸில் ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-லேயே எழுதிவிட்டார். அதனால் உட்காருவதைக் குறைக்க வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. எங்களைக் கேட்காமல் திட்டம் போடுகிறீர்களே, அதில்தான் சண்டை.

இதற்கு முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நாள் திடீரென்று, நின்றபடியும் வேலை பார்க்கலாம் என்று, பட்டனை அமுக்கினால் உயரும் மேசைகள் இரண்டு வந்து இறங்கின. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்பீக்கரில் மணி அடிக்கும், எல்லோரும் எழுந்திருக்க வேண்டும். கூடவே போனில் காலடி எண்ணும் போட்டி. சுவரில் 'நிறைய தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி எழுந்து செல்லுங்கள்' என்று போஸ்டர்.

மேசைகளை மேனேஜரின் கண்ணாடி அறை வாசலில் போட்டார்கள். நம் ஊரில் அதிகாரி அறை வாசலில் ஒருவர் நின்றால் என்ன அர்த்தம்? முதல் நாள் ஆசையாக அங்கே நின்று வேலை பார்த்த அக்காவிடம் போகிறவர் வருகிறவரெல்லாம் "என்னம்மா, என்ன தப்பு பண்ணே?" என்று கேட்டார்கள். மறுநாள் அவர் போகவில்லை. ஆயுதபூஜைக்கு இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம், அப்புறம் தண்ணீர் கேன் வைக்க வசதியாக இருந்தது.

மணிக்கும் அதே கதிதான். எங்கள் சிஸ்டத்தில் மூன்று நிமிடம் கை வைக்காவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும், அந்த நேரம் 'சும்மா இருந்த நேரம்' என்று சிவப்பு எழுத்தில் பதிவாகும், மாதக் கடைசியில் ஊக்கத்தொகையில் கழியும். ஸ்பீக்கர் எழுந்திரு என்கிறது, சிஸ்டம் உட்கார் என்கிறது. சம்பளத்தில் கை வைப்பது எதுவோ அதன் பேச்சைத்தானே கேட்போம்? போதாததற்கு ஹெட்செட் ஒயர் ஒரு முழம்கூட நீளாது, எழுந்தால் கழுத்தோடு சேர்ந்து இழுக்கும்.

தண்ணீர் போஸ்டர் விஷயத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பெண்கள் கழிப்பறை ஒரு மாடி மேலே, சாவி கீழே செக்யூரிட்டியிடம். ஒவ்வொரு முறையும் அவரிடம் போய் சாவி கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தோம். போஸ்டர் ஒட்டியவருக்கு இது தெரியாது. எங்கள் வரிசையில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். (காலடிப் போட்டியில் ஜெயித்தவர், போனைத் தெருவில் விளையாடும் மகன் பாக்கெட்டில் போட்டு அனுப்பியவர். பரிசு ஒரு ஃபிளாஸ்க்.)

ஃபிளாஸ்க் என்றதும் டீ ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் தெருமுனைக் கடைக்குப் போய் நின்று டீ குடித்துவிட்டு வருவோம். நேரம் வீணாகிறது என்று டீயை சீட்டுக்கே கொண்டுவரச் செய்ததும் நிர்வாகம்தான். எங்களிடம் கேட்டிருந்தால் மேசையே வேண்டாம், டீயைத் திருப்பிக் கொடுங்கள், ஒயரை நீளமாக்குங்கள், மூன்று நிமிடத்தைப் பத்தாக்குங்கள், பிரிண்டரை அந்தக் கோடிக்குத் தள்ளுங்கள் என்றிருப்போம். மேசை விலையில் கால்வாசிகூட ஆகியிருக்காது.

"சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடங்களேன்" என்று ஒரு அதிகாரி சொன்னார். வண்டிகளை விடமாட்டார்கள், நடக்க அருமையான இடம்தான். ஆனால் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருபவர்கள் அந்தக் கெடுதலை ஈடுகட்ட 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடப்பது மாதிரியான உழைப்பு தினமும் தேவை என்று, பத்து லட்சம் பேருக்கு மேல் அடங்கிய லான்செட் என்ற மருத்துவ இதழில் 2016-இல் வந்த ஆய்வு காட்டுகிறது. அதற்குள் என் பஸ் அரியாங்குப்பம் தாண்டியிருக்கும். வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருக்கும்.

இதற்காக எங்களை நாள் முழுக்க நிற்க வைத்துவிடாதீர்கள். என் தங்கை கடலூரில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். கால் வீக்கம், நரம்புச் சுருட்டு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது, அவள் கடையிலும் ஸ்டூல் வந்தது. சூப்பர்வைசர் முறைப்பாரே என்று அவள் அதில் உட்காருவதில்லை. அவளுக்கு ஸ்டூல், எனக்கு மேசை. இரண்டு பேரையுமே யாரும் கேட்கவில்லை.

கேட்டுச் செய்தால் நடக்காதா? இங்கிலாந்தில் லெஸ்டர் மருத்துவமனை அலுவலக ஊழியர்களுக்கு ஒரு திட்டம் போட்டார்கள். முதலில் ஊழியர்களைக் குழுவாக உட்காரவைத்து எது தடை என்று பேசவிட்டு, அதை வைத்துத்தான் உருவாக்கினார்கள். அங்கேயும் ஏறி இறங்கும் மேசைதான், ஆனால் பயிற்சியும் நினைவூட்டலும் தொடர்ந்து விசாரிக்க ஆளும் இருந்தார்கள். ஒரு வருஷம் கழித்தும் வேலை நாளில் உட்காரும் நேரம், திட்டத்தில் சேராதவர்களைவிட சுமார் 80 நிமிடம் குறைவு என்று 2018-இல் முடிவு வந்தது.

கேட்பது என்றால் மெயிலில் படிவம் அனுப்பி ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பதல்ல. அதில் எல்லோரும் நாலு போட்டுவிட்டுப் போவோம். மேனேஜர் இல்லாத அறையில், வேலை நேரத்திலேயே, அந்த நேரம் சிவப்பில் பதிவாகாதபடி கேளுங்கள். கர்ப்பிணி, முட்டிவலிக்காரர், ராத்திரி ஷிப்ட் பையன், ஹவுஸ்கீப்பிங் அம்மா எல்லோரும் அதில் இருக்கட்டும். சொன்னதில் எது முடியும், எது முடியாது, ஏன் என்று பதிலும் சொல்லுங்கள்.

முடிந்தால் அதற்கு முன்பு ஒரு நாள் நீங்களே வந்து எங்கள் வரிசையில் காலை ஒன்பதரைக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். போஸ்டரில் சொன்னபடி தண்ணீர் நிறைய குடியுங்கள். சாவி கீழே செக்யூரிட்டியிடம் இருக்கும்.