வியாழக்கிழமை அம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்பான சபையாருக்கும் நண்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நான் எழுந்து நடமாடத் தொடங்கி இன்றோடு பத்து நாள் ஆகிறது. நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுதத் தெம்பில்லை. சாப்பாடு கொண்டுவந்தவர்கள், மருத்துவமனையில் இரவெல்லாம் கண்விழித்தவர்கள், வீட்டிலேயே படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடத்தைக் கைப்பேசியிலேயே சொல்லிக்கொடுத்த தம்பிகள், எங்களுக்காக முழங்காலில் நின்றவர்கள், உங்கள் அத்தனை பேருக்கும் என் கணவரும் நானும் கடன்பட்டிருக்கிறோம்.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. வியாழக்கிழமைதோறும் மாலையில் வந்த அம்மா, பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

என் நடுப்பிள்ளை கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் விடைகளைப் பார்த்து இரண்டு வாரமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். செய்முறை ஒரு வரிகூட இல்லாமல் விடை மட்டும் சரியாக இருந்ததைக் கவனித்தவர் நீங்கள். அவனை அதட்டவில்லை. என் அறைக்கு வந்து சொல்லவும் இல்லை. "எனக்கும் ஒரு ரப்பர் கொடு" என்று கேட்டு வாங்கி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இடப்பக்கத்தை அவனும் வலப்பக்கத்தை நீங்களுமாக அழித்தீர்கள். மொத்தம் 43 கணக்குகள். எண்ணிச் சொன்னவன் அவன்தான். புறப்படும்போது, "அம்மாவிடம் நீயே சொல்லுவாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்களாம்.

அதற்கு நான்காம் நாள் இரவு அந்த நோட்டோடு என் கட்டிலருகே வந்து நின்றான். அழித்த எண்களின் தடம் தாளில் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்ததில் தாளே கிழிந்திருந்தது. அவன் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை.

நானே கண்டுபிடித்திருந்தால், பொய்யைப் பற்றிய ஒரு வசனத்தை இருபது முறை எழுத வைத்திருப்பேன். ஆவியின் கனிகள் என்று வேதம் சொல்லும் ஒன்பது நற்குணங்களையும் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, வாரத்துக்கு ஒரு கனி என்று பாடம் நடத்தியவள் நான். நீடியபொறுமைக்கு மதிப்பெண்கூடப் போட்டிருக்கிறேன். தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளிடம் வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் பேசு என்கிறது வேதத்தில் உபாகமம் 6:7. அதை நான் காலை ஒன்பது மணி வகுப்பாகச் சுருக்கிவிட்டேன். பிள்ளைகள் நாள் முழுக்க நம் கண்முன் இருந்தால் குணமும் நம் கைக்குள் இருக்கும் என்று நம்பினேன்.

படுத்திருந்த நாட்களில் லூக்கா 19ஆம் அதிகாரத்தை வாசித்தேன். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயுவிடம் சொல்கிறார் இயேசு. சகேயு சேர்த்த பணத்தைப் பற்றி அவர் கேட்டதாக ஒரு வார்த்தை அங்கே இல்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்று சகேயுதான் எழுந்து நின்று சொல்கிறான். பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொன்ன கதை! அவர் கேட்காமல் விட்டது என் கண்ணில் படவே இல்லை. நீங்களும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தீர்கள், அம்மா.

இனி எங்கள் வீட்டில் வேதவசனம் தண்டனையாக இராது. நான் கோபத்தில் தவறினால், பிள்ளைகள் முன்பாக நானே முதலில் மன்னிப்புக் கேட்பேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா, தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்ததோடு, ஒவ்வொருவரோடும் தனியாகப் பேச வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கிவைத்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. என் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படி ஒவ்வொரு மாலையைக் கொடுக்கப்போகிறேன்.

நடுப்பிள்ளைக்கு எந்தக் கிழமை என்று கேட்டதற்கு, "வியாழன் வேண்டாம், அன்றைக்குப் பாட்டி வருவார்கள்" என்கிறான். நான் தேறிவிட்டேன் என்று நின்றுவிடாதீர்கள். அழித்த 43இல் மறுபடி செய்ய இன்னும் 12 கணக்குகள் மிச்சம் இருக்கின்றன. உங்களுக்கென்று ஒரு ரப்பரைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறான்.