செலினியம் சேர்த்தாலே வேகம் கூடிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செலினியம் அடங்கிய கரிமக் குறைக்கடத்திகளை (மின்னோட்டத்தை ஓரளவு கடத்தும் கார்பன் சேர்மங்களை)ப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல பொருளைத் தேர்ந்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். ஆயினும், மூலக்கூறில் கந்தக அணு இருக்கும் இடத்தில் செலினியம் அணுவை அமர்த்தினாலே, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கருவியான டிரான்சிஸ்டரின் வேகம் கூடிவிடும் என்றும், சிலிக்கானுக்கு மாற்று கிடைத்துவிட்டது என்றும் அதில் கூறப்பட்டிருப்பது, இத்துறையில் வெளிவந்துள்ள ஆய்வு முடிவுகளோடு பொருந்தவில்லை.

செலினியத்தின் மீது எதிர்பார்ப்பு எழுந்ததற்குக் காரணம் உண்டு. தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே இருக்கும் செலினியம் அளவில் பெரியது. அதன் எலக்ட்ரான் மேகம் எளிதில் நெகிழக்கூடியது. ஆகவே அடுத்தடுத்த மூலக்கூறுகளின் ஆர்பிட்டால்கள் (எலக்ட்ரான்கள் உலவும் பகுதிகள்) ஒன்றன்மேல் ஒன்று நன்றாகப் படிந்து, மின்னூட்டம் ஒரு மூலக்கூறிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது எளிதாகும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. டென்மார்க்கின் வேதியியலாளர் கிளவுஸ் பெக்கார்ட் உருவாக்கிய செலினியம் அடங்கிய கரிம உப்பில்தான், உயர் அழுத்தத்தில், ஏறத்தாழ 0.9 கெல்வின் வெப்பநிலையில், கரிமப் பொருள் ஒன்றின் மீகடத்துதிறன் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் நிலை) 1980இல் முதன்முறையாகக் காணப்பட்டது.

ஆனால் டிரான்சிஸ்டரில் கணக்கு வேறு விதமாக அமைந்தது. ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் கசுவோ தகிமியாவின் குழு 2006இல் வெளியிட்ட செலினியச் சேர்மத்தின் நகர்திறன், அதாவது மின்புலத்தில் மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதன் அளவு, வோல்ட்-விநாடிக்கு 0.3 சதுர சென்டிமீட்டர் அளவில் இருந்தது. காற்றில் கெடாமல் நிலைத்தது அதன் சிறப்பு. அதே ஆண்டில் அதே குழு, அதே கட்டமைப்பில் செலினியத்துக்குப் பதிலாகக் கந்தகத்தை வைத்துச் செய்த சேர்மமோ 2.0 வரை எட்டியது. மறு ஆண்டு நாஃப்தலீன் வளையங்களைக் கொண்டு இரண்டு வகையையும் செய்து ஒப்பிட்டபோதும் கந்தகம் 2.9, செலினியம் 1.9 என்றே வந்தது. பெரிய அணு வெல்லவில்லை. எந்த அணு என்பதைவிட, அது மூலக்கூறின் எந்த இடத்தில் அமர்கிறது, படலமாகப் படியும்போது மூலக்கூறுகள் எவ்வளவு நெருக்கமாகவும் சீராகவும் அடுக்கப்படுகின்றன என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. கட்டுரையாளர் இந்த ஒப்பீட்டைத் தொடவே இல்லை என்பதுதான் என் முதன்மையான குறை.

செலினியத்தின் பயன் தெளிவாகத் தெரியும் இடம் வேறு. பாலிஹெக்சைல்தயோஃபீன் என்ற நன்கறிந்த பாலிமரில் கந்தகத்தை நீக்கிச் செலினியத்தை வைத்தால், ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் கட்டுநிலையிலிருந்து விடுபடத் தாண்ட வேண்டிய ஆற்றல்) சுமார் 1.9 எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து 1.6க்குக் குறைகிறது, நகர்திறன் ஏறக்குறைய அப்படியே நிற்க, சிவப்புப் பக்கத்து ஒளியை அது கூடுதலாக உறிஞ்சுகிறது. ஒளியுணர் டிரான்சிஸ்டருக்கும் சூரிய மின்கலத்துக்கும் இது பெரிய லாபம்.

கட்டுரையில் சொல்லப்பட்ட ‘சாதனை’ நகர்திறன் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் ‘கேட்’ முனையின் மின்னழுத்தத்தை ஒரு அச்சிலும், ‘டிரெய்ன்’ என்ற வெளியேறு முனையின் மின்னோட்டத்தின் வர்க்கமூலத்தை மற்றொரு அச்சிலும் வைத்து வரையும் கோட்டின் சாய்விலிருந்தே நகர்திறனைக் கணக்கிடுகிறார்கள். கோடு தொடக்கத்தில் செங்குத்தாக ஏறிப் பிறகு படுத்துவிடும் கருவிகள் ஏராளம்; உலோக முனைக்கும் கரிமப் படலத்துக்கும் இடையிலான மின்தடை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தச் செங்குத்துப் பகுதியை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் எண் பல மடங்கு ஊதிவிடும். இது குறித்து ஆய்வாளர்களே 2016 வாக்கில் வெளிப்படையாக எச்சரித்தார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷோன் கரிமக் கருவிகளின் தரவுகளையே இட்டுக்கட்டியதாக 2002இல் விசாரணைக் குழு கண்டறிந்தது வேறு வகைக் குற்றம் என்றாலும், அதற்குப் பிறகு இத்துறையில் பெரிய எண்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதே வழக்கம்.

சிலிக்கானோடு ஒப்பிட்டதும் சரியல்ல. படிகச் சிலிக்கானில் எலக்ட்ரானின் நகர்திறன் 1,400 அளவில் இருக்கிறது. கரிமப் பொருள்கள் போட்டியிடுவது அதனோடு அல்ல, திரைகளில் பயன்படும் 1 அல்லது அதற்கும் குறைவான நகர்திறன் கொண்ட படிகமற்ற சிலிக்கானோடுதான். வளையும் பிளாஸ்டிக்கின் மீது குறைந்த வெப்பத்தில் படியவைக்கலாம் என்பதே அவற்றின் பலம். செலினியம் ஓர் ‘அரிய உலோகம்’ என்று எழுதியிருப்பதையும் திருத்த வேண்டும். அது உலோகமன்று, தாமிரத்தை மின்னாற்பகுப்பு முறையில் தூய்மையாக்கும்போது தொட்டியின் அடியில் தங்கும் சேற்றிலிருந்து துணைப்பொருளாகக் கிடைப்பது. அதன் கரிமச் சேர்மங்கள் பலவற்றுக்குச் சகிக்க முடியாத நாற்றம் உண்டு; ஹைட்ரஜன் செலினைடு வாயுவோ அழுகிய முள்ளங்கியைப் போல நாறும் கொடிய நஞ்சு. கந்தகமே போதும் என்று பல வேதியியலாளர்கள் நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் சொந்த ஊகம்.

இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, நகர்திறன் எண்ணோடு அது ஒற்றைப் படிகத்தில் அளந்ததா மெல்லிய படலத்தில் அளந்ததா, எத்தனை வோல்ட்டில், காற்றில் எத்தனை நாள் நிலைத்தது, அதே மூலக்கூறின் கந்தக வடிவம் என்ன காட்டியது என்ற விவரங்களையும் கட்டுரையாளர்களிடம் கேட்டு வாங்கி அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் (ஓய்வு),
திருச்சிராப்பள்ளி