கமரா பழுது என்றாய்

ஸ்காபரோ, கனடா
26.07.2022

அன்புள்ள குஞ்சு,

அப்பாதான் எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகம். அம்மாவுக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. மருந்தை மாற்றித் தந்திருக்கிறார்கள், நீ யோசிக்காதே. பின்வளவில் தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது.

அம்மாவோடு வேலை செய்கிறவவின் தமையன் வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் பயணம். அவரிடம் ஒரு பெட்டி கொடுத்துவிடுகிறோம். பால்மா இரண்டு பைக்கற், பனடோல், வயிற்றோட்டத்துக்கு மாத்திரை, கரண்ட் நின்றால் பிடிக்க ஒரு டோர்ச், அம்மா இடித்த தூள். காயத்துக்குப் பூசுகிற மருந்தும் சுற்றுகிற துணியும் வீக்கத்துக்குப் போடுகிற ஜெல்லும் வைத்திருக்கிறேன். யாருக்காவது உதவும்.

இந்தக் கடிதமும் அந்தப் பெட்டிக்குள்தான். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் கதைக்கத் தொடங்கினால் சத்தம் போடுகிறேன், நீ பேசாமல் இருக்கிறாய், பிறகு அம்மா போனைப் பறிக்கிறா. எழுதினால் என்னை யாரும் மறிக்க மாட்டார்கள். நீ எழுத்துக் கூட்டி வாசிக்க வசதியாகப் பெரிதாக எழுதுகிறேன். விளங்காத சொல் வந்தால் உன் அறையில் இருக்கிற மட்டக்களப்புப் பிள்ளையிடம் கேள்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காலிமுகத்திடல் பக்கம் போகாதே. பாஸ்போட்டை எப்போதும் உடம்போடு வைத்திரு, பைக்குள் வைக்காதே. இரவில் யார் கூப்பிட்டாலும் வெளியே போகாதே.

வியாழக்கிழமை பின்னேரம் மூன்றரை மணி, எனக்கு வேலையில் தேத்தண்ணி நேரம். உனக்கு வெள்ளி அதிகாலை ஒரு மணி. காலிமுகத்திடல் போராட்டத்தைப் பேஸ்புக்கில் யாரோ நேரலையில் விட்டிருந்தார்கள். முதலில் வெறும் இருட்டு. பிறகு ஆமிக்காரர், வரிசை வரிசையாக. இரண்டு பக்கமும் மறித்துவிட்டார்கள் என்று ஒரு பொடியன் சிங்களத்தில் கத்தினான். சிங்களம் மறந்துபோய்விட்டது என்று முப்பது வருடமாக எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். அன்றைக்கு ஒரு சொல் தவறாமல் விளங்கியது. ‘கஹன்ட எபா, கஹன்ட எபா.’ அடிக்காதே, அடிக்காதே.

அன்று பின்னேரம் இரண்டு மணிக்கு ஜனாதிபதி செயலகக் கட்டடத்தை விட்டுப் போகிறோம் என்று அந்தப் பிள்ளைகளே அறிவித்திருந்தார்கள். பதின்மூன்று மணித்தியாலம் பொறுக்க முடியவில்லையா? ரணில் ஜனாதிபதியாகப் பதவியேற்று ஒரு முழு நாள்கூட ஆகவில்லை. முதல் இருந்த ஜனாதிபதி கோட்டாவை ஓட வைத்தது இந்தப் பிள்ளைகள். அந்தக் கதிரையில் பாராளுமன்றத்தின் 134 வாக்கோடு போய் இருந்தவர் முதல் வேலையாக அவர்களை அடிப்பித்தார். தமிழரைக் கொன்ற 83 யூலையிலும் அவர் அமைச்சர்தான், கல்வி அமைச்சர். எனக்கு அது மறக்காது. 9 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், 50 பேர் வரையில் காயம் என்றார்கள். பிபிசிக்காரரையே அடித்து, போனைப் பறித்துப் படத்தை அழித்தார்கள் என்றால், பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன நடந்திருக்கும்?

நான் அந்தப் படத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். நீலச் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை முதுகு தெரிய ஓடுகிறது. பின்னால் ஒருவன் தடியோடு வருகிறான். அதோடு படம் ஆடிப் போய்விடுகிறது. உன்னிடம் அப்படி ஒரு சட்டை இருக்கிறதா என்று அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அம்மாவும் அதைப் பார்த்திருக்கிறா. அவவும் என்னிடம் கேட்கவில்லை.

வெள்ளி மத்தியானம் ‘நான் சுகம் அப்பா’ என்று எழுதினாய். அதற்குப் பிறகு நாலு தரம் கதைத்துவிட்டோம். ஒரு தரமும் முகம் காட்டவில்லை. கமரா பழுது என்றாய். சரி. போன் வாங்கக் காசு போடுகிறேன், புதிதாக ஒன்று வாங்கு. அங்கே இப்போது கிடைக்காவிட்டால் சொல், இங்கிருந்து அனுப்புகிறேன். சாப்பிடுகிறாயா? இடது கையால் எழுதப் பழகுகிறேன் என்று ஏதோ சொன்னாயாம். அம்மா அதைச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். 2009 மே 10, கார்டினர் நெடுஞ்சாலையை மறித்து நாங்கள் ஏறி இருந்தபோது உனக்கு 13 வயது. உன்னைக் கூட்டிக்கொண்டு போனது நான். முள்ளிவாய்க்காலில் செத்துக்கொண்டிருந்தார்கள், இங்கே அன்றைக்கு அன்னையர் தினம். கார்க்காரர் எங்களைப் பேசிக்கொண்டு போனார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நாங்கள் இருந்தால் அவங்கள் நிப்பாட்டுவாங்களா அப்பா?’ என்று கேட்டாய். நிப்பாட்டுவார்கள் என்றேன். உனக்கு நான் சொன்ன பொய்களில் அது ஒன்று. ஆனால் இங்கே யாரும் தடியோடு வரமாட்டார்கள் என்ற துணிவில்தான் உன்னைக் கொண்டுபோனேன். அங்கே அந்தத் துணிவு எனக்கு எங்கிருந்து வரும்? அப்பப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கதையை எத்தனை தரம் கேட்டிருக்கிறாய். 1956 யூன் 5, அதே திடல், அதே புல்லு. தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த எங்கள் ஆட்களைக் காடையர் அடிக்க, பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் குடும்பத்துக்கு அந்தத் திடல் ஆகாது, பிள்ளை. போகாதே. பாஸ்போட் உடம்போடு இருக்கட்டும்.

நல்ல வேலையை விட்டுவிட்டு, ஆறு மாதம் என்று போனாய். இப்போது யூலை முடிகிறது. ‘படிப்பிச்சது இதுக்கா?’ என்று அன்றைக்கு நான் கேட்டது உன் மனதில் இருக்கும். என் மனதிலும் இருக்கிறது.

மே 18ஆம் திகதி நீ ஒரு படம் அனுப்பினாய். சிரட்டையில் கஞ்சி. காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி! ஒரு சிங்களப் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதா என்று எழுதியிருந்தாய். நான் பதிலுக்கு ஒரு கட்டைவிரலை மட்டும் போட்டேன். நீ அதற்குப் பிறகு மூன்று நாள் எழுதவில்லை. அந்தப் படத்தை நான் வேலையில் எல்லாருக்கும் காட்டினேன், குஞ்சு. என் மகள் நிற்கிற இடம் என்று காட்டினேன். உனக்குச் சொல்ல மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்றால், நான் கோபக்காரன். 2013இல் வெலிவேரியாவில் குடிக்கிற தண்ணி பழுதாகிப் போச்சு என்று றோட்டுக்கு வந்த சிங்களச் சனத்தை ஆமி சுட்டதே, மூன்று பேர் செத்தார்களே. செய்தியைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் சொன்னேன்: ‘இப்பவாவது அவைக்கு விளங்கட்டும்.’ நீ கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாய். 17 வயது. நான் அம்மாவிடம், பிள்ளைக்கு எங்கள் வரலாறு தெரியவில்லை என்றேன். போன வியாழன் வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் றம்புக்கனையில் எரிபொருளுக்கு நின்ற சனத்தைப் பொலிஸ் சுட்டபோதும் எனக்குள் அந்த வசனம் வந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வரலாறு தெரியாதது எனக்கு. இதை எழுதத்தான் கடிதம் தொடங்கினேன். இவ்வளவு நேரமும் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டேன்.

நேற்று யூலை 25. 83இல் வந்த அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி உனக்கு நான் சொன்னது உனக்குப் பாடம்: காடையர் வாக்காளர் பட்டியலோடு வந்தார்கள், பெரியப்பாவின் கை, இந்துக் கல்லூரி முகாம், கப்பல், காங்கேசன்துறை. நடுவில் ‘ஒரு சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்தது’ என்று ஒரு வரி சொல்வேன். அந்த ஒரு வரி ஒன்றரை நாள், பிள்ளை. தெகிவளையில் நாங்கள் இருந்த அனெக்ஸுக்குப் பக்கத்து வீடு. அந்த அன்ரி எங்கள் இரண்டு பேரையும் குசினிக்குப் பின்னால் தேங்காய் போடுகிற அறைக்குள் தள்ளிவிட்டு, மேலே சாக்கைப் போட்டா. ‘பய வென்ட எபா, புதா’ என்றா. பெரியப்பாவின் இரத்தம் சீமெந்தில் கசிந்ததை அவவே துடைத்தா. அவவுக்கு ஒரே மகன், 14 வயது. கிரிக்கெட் மட்டையோடு கேற்றடியில் போய் நின்றான். கூட்டம் வந்து கேட்டபோது, ‘மெஹே கவுருத் நே’ என்றான். இங்கே யாரும் இல்லை. குரல் நடுங்கவில்லை. சாக்குக்குக் கீழே கிடந்து நான் கேட்டேன். அந்தக் குரலால்தான் நான் இருக்கிறேன், நீயும் இருக்கிறாய்.

89இல் அந்தப் பொடியனைக் கொண்டுபோய்விட்டார்கள். அரசுக்கு எதிராகக் கிளம்பிய ஜேவிபிக்காரரைத் தேடிய காலம். 20 வயது, கம்பஸில் படித்துக்கொண்டிருந்தான். அன்ரி எனக்குக் கடிதம் எழுதினா. நீல ஏரோகிராம், ஆங்கிலத்தில், அழகான எழுத்து. எங்கள் ஊர் விலாசத்துக்குப் போய், பெரியப்பாவிடம் போய், 91இல் இங்கே என் கைக்கு வந்தது. சந்திகளில் ரயர் போட்டு எரித்துக் கிடந்த உடல்களை எல்லாம் போய்ப் பார்த்தேன், அவன் இல்லை என்று எழுதியிருந்தா. கனடாவில் மனித உரிமைக்காரர் இருப்பார்களே, என் மகனின் பெயரையும் பிறந்த திகதியையும் அவர்களிடம் கொடுப்பாயா என்று கேட்டிருந்தா. இரண்டும் கீழே தனியாக எழுதியிருந்தது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நான் கொடுக்கவில்லை.

அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பம்மாவிடமிருந்து நாலு மாதமாகச் செய்தி இல்லை. எங்களைப் போட்டபோது யார் கேட்டார்கள், இப்போது நான் ஏன் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். யாரைப் பார்த்து அப்படி நினைத்தேன் பார்! கேட்டவவே அவதானே. நாட்டில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரே வீடு அது. ஒரு கடித உறையும் முத்திரையும், அவ்வளவுதான் செலவு. பிறகு எழுதுவோம் என்று பெட்டிக்குள் வைத்தேன். ஒரு வருடம் போன பிறகு வெட்கமாக இருந்தது. பத்து வருடம் போன பிறகு அவ இருக்கமாட்டா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவுக்கு இது தெரியாது. நேற்று இரவுதான் காட்டினேன். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், பெட்டிக்குள் வைக்க இன்னும் ஒரு பைக்கற் பால்மா கொண்டுவந்து தந்தா.

வியாழக்கிழமை அந்தப் பொடியன் கத்தியபோது, கேற்றடியில் நின்ற குரலும் அதுதான் என்று எனக்குப் பட்டது. என் பிள்ளை அந்த இருட்டுக்குள் நிற்கலாம், யாராவது ஒரு வீட்டுக் கதவு திறக்காதா என்று நான் இங்கிருந்து கும்பிட்டேன். சிங்கள வீடுகளை நினைத்துத்தான் கும்பிட்டேன்.

நீ ஏன் அங்கே போனாய் என்று இனிமேல் கேட்கமாட்டேன். உன்னை நினைக்கப் பெருமையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. பயம்தான் கூட.

ஏரோகிராமை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். மடித்த இடம் கிழியப் பார்க்கிறது, கவனம். காலி வீதியில் தெகிவளைச் சந்தியில் இறங்கி, கடல் பக்கம் போகிற ஒழுங்கை. முன்பு மூலையில் ஒரு பேக்கரி இருந்தது, இப்போது என்னவோ. ரயில் பாதைக்கு முன்னால் இடது பக்கம் கடைசிக்கு முதல் வீடு, கேற்றில் ஜம்பு மரம். வெட்டியிருப்பார்கள். விலாசம் ஏரோகிராமின் பின்பக்கம் இருக்கிறது. அவ இருந்தால் இப்போது 85 வயது வரும். இல்லாவிட்டால் யாராவது சொந்தக்காரர் இருப்பார்கள். பகலில் போ. தனியாகப் போகாதே, மட்டக்களப்புப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ. உன் சிங்களம் காணும்.

அவவிடம் என்ன சொல்வதென்று நான் எழுதித் தரமுடியாது. இரண்டு நாளாக எழுதிப் பார்த்தேன். யாருடைய மகள் என்று மட்டும் சொல். கேட்டால், கடிதம் கிடைத்தது என்று சொல். கிடைக்கவில்லை என்று சொல்லிவிடாதே.

வெறுங்கையோடு போகாதே. மூன்று பைக்கற் பால்மாவில் ஒன்று அவவுக்கு. கை நோகும் என்றால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா